விழுந்தவங்களைப் பத்தி யாரும் பிரசங்கம் பண்றதில்ல

கி.பி. 250 ஜூன் 26-ஆம் தேதி எகிப்துல ஒரு பெரியவர் ஒரு மனு கொடுத்திருக்காரு. பேரு ஆரேலியஸ் டயோஜெனிஸ், சதபூஸோட மகன், அலெக்சாண்டர் தீவுங்கிற கிராமம், வயசு 72, வலது புருவத்துல ஒரு தழும்பு. விஏஓ ஆபீஸ்ல சர்டிபிகேட் வாங்குறப்ப மச்சம் எங்க இருக்குன்னு கேப்பாங்கள்ல, அந்த மாதிரி அடையாளத்துக்குத் தழும்பு. மனுவுல இருக்குற விஷயம் என்னன்னா, நான் எப்பவுமே தெய்வங்களுக்குப் பலி செலுத்திட்டு வர்றவன், இப்பவும் அரசாணைப்படி உங்க கண் முன்னாடியே பலி கொடுத்தேன், பானம் ஊத்தினேன், படைச்ச கறியையும் சாப்பிட்டேன், இதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டுத் தரணும். அவ்வளவுதான். இந்தப் பாப்பிரஸ் துண்டு 1893-ல பதிப்பாச்சு, அதுக்கப்புறம் எகிப்து மணல்ல இருந்து இதே மாதிரி நாப்பதுக்கு மேல கிடைச்சிருக்கு, எல்லாமே கிட்டத்தட்ட ஒரே வாசகம், பேரும் வயசும் ஊரும் மட்டும்தான் மாறுது.

டயோஜெனிஸ் கிறிஸ்தவரா இல்லையான்னு அந்தச் சீட்டுல ஒரு வார்த்தை கிடையாது. இருக்கவும் தேவையில்ல, ஏன்னா ஊர்ல எல்லாருமே வாங்கணும். முதலை தெய்வத்தோட கோயில்ல பூசை பண்ற ஒரு பெண் பூசாரி கூட வரிசையில நின்னு நானும் பலி கொடுத்தேன்னு சீட்டு வாங்கியிருக்காங்க, அதுவும் கிடைச்சிருக்கு. டீசியஸ் 249-ல ரோம் சாம்ராஜ்யத்துக்கு ராஜாவாகிறாரு, எல்லையில கோத் படைங்க, உள்ள கலகம், தெய்வங்க கோவமா இருக்குன்னு ஒரு நெனப்பு, அதனால சாம்ராஜ்யம் முழுக்க எல்லாரும் பலி செலுத்தணும்னு ஒரு ஆணை. கையில கிடைச்சிருக்குற சீட்டு எதுலயும் கிறிஸ்தவன்ங்கிற சொல்லே இல்ல. ஆனா அடி விழுந்தது யார் மேலன்னு சொல்ல வேண்டியதில்ல. 250 ஜனவரி 20-ல ரோம் பிஷப் ஃபேபியன் செத்துட்டாரு, அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல ரோம்ல பிஷப்பே இல்ல.

நம்ம சர்ச்சுல ஆதிச் சபைன்னு ஆரம்பிச்சாலே ரத்தசாட்சிங்க கதைதான் வரும். 86 வருஷம் இயேசுவுக்கு ஊழியம் பண்ணியிருக்கேன், எப்படி மறுதலிப்பேன்னு கேட்ட பாலிகார்ப், லியோன்ல பிளாண்டினா, வட ஆப்பிரிக்காவுல இருக்குற கார்த்தேஜ்ல பெர்பெத்துவா. கன்வென்ஷன்ல இதைக் கேட்டுட்டு வீட்டுக்கு வர்றப்ப, அப்போ இருந்தவங்க எல்லாரும் சிங்கத்து முன்னாடி பாட்டு பாடிட்டே நின்னாங்கன்னு ஒரு படம் மனசுல ஒட்டிக்கும். அவங்களை நான் குறைச்சுச் சொல்லல, ஆனா 250-ல நடந்தது அப்படி இல்ல. பெரும்பாலானவங்க போய் தூபம் போட்டுட்டு வந்துட்டாங்க, இவங்களைத்தான் சபை விழுந்தவங்கன்னு சொல்லுச்சு. எனக்கு இரட்சிப்புன்னா என்னன்னு கொஞ்சமாவது புரிஞ்சதுன்னா அது ரத்தசாட்சிங்ககிட்ட இருந்து இல்ல, இந்தத் தூபம் போட்ட கூட்டத்துகிட்ட இருந்துதான்னு நான் நெனைக்கிறேன்.

கார்த்தேஜ் பிஷப் சிப்ரியன் இதை எழுதி வச்சிருக்காரு, வாசிக்கவே கூசும். யாரும் வந்து பிடிக்கல, சிப்பாய் வரல, அதுக்கு முன்னாடியே ஜனங்க தானா ஓடிப் போய் மேடையேறி இருக்காங்க. பலி ஆட்டையும் தாங்களே கொண்டு போயிருக்காங்க. சாயங்காலம் ஆயிடுச்சு நாளைக்கு வாங்கன்னு அதிகாரி சொன்னா, இல்ல இன்னிக்கே முடிச்சுக் கொடுங்கன்னு கெஞ்சியிருக்காங்க. அப்பா அம்மா கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போய் அது வாயிலயும் எதையாவது வச்சு விட்டிருக்காங்க. அலெக்சாந்திரியாவுல பிஷப் டயோனிசியஸ் பார்த்தது வேற மாதிரி. அங்க பெரிய பெரிய ஆளுங்க, அரசாங்க வேலையில இருந்தவங்க, சிலரு முகம் வெளிறி நடுங்கிட்டே போறாங்க, இவங்க பலி கொடுக்க வந்தவங்களா இல்ல பலியா வந்தவங்களான்னு சுத்தி நின்ன கூட்டம் சிரிக்குது. அவங்களுக்குச் சாகவும் பயம், பலி கொடுக்கவும் பயம்னு டயோனிசியஸ் எழுதுறாரு. இன்னும் சிலரு நான் எந்தக் காலத்துலயும் கிறிஸ்தவன் இல்லன்னு சத்தமா சொல்லிட்டே ஓடிப் போயிருக்காங்க.

இதுல பல தினுசு. சிலரு கறியைத் தின்னுட்டு வந்தவங்க. சிலரு ரெண்டு சிட்டிகை தூபம் மட்டும் போட்டவங்க. இன்னும் சிலரு பலி பக்கமே போகாம, அதிகாரிக்குக் காசு கொடுத்து சீட்டை மட்டும் வாங்கிக்கிட்டவங்க. இந்தக் கடைசி ஆளுங்க என்ன சொன்னாங்கன்னும் சிப்ரியன் எழுதியிருக்காரு. நான் கிறிஸ்தவன், பலி கொடுக்கக் கூடாதுன்னு பிஷப் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதனாலதான் நான் அதிகாரிகிட்ட போய் என்னால முடியாது, இந்தா பணம்னு கொடுத்தேன், அது பாவம்னு எனக்குத் தெரியாதேன்னு. இந்த வாதத்தை நான் முதல்ல படிச்சப்ப சிரிச்சேன், ஆனா யோசிச்சுப் பார்த்தா இது சாதாரண மனுஷன் பேசுற பேச்சுதான், நாம எத்தனை தடவை இப்படி ஒரு சந்துல நுழைஞ்சு போயிருக்கோம்.

சிப்ரியன் எங்க இருந்தாருன்னு கேட்டா, ஊர்ல இல்ல, ஒளிஞ்சிருந்தாரு. இது அப்பவே பெரிய பிரச்சினை. பிஷப்பைத் தேடிச் சிங்கத்துக்குப் போடுன்னு கூட்டம் கத்துது, அவரு தலைமறைவாயிட்டு அங்கிருந்து லெட்டர் லெட்டரா எழுதுறாரு. ரோம்ல இருந்து குருமாருங்க கார்த்தேஜுக்கு எழுதின ஒரு லெட்டர்ல நல்ல மேய்ப்பன் கூலியாள் வசனத்தை எடுத்துப் போட்டு, பேரைச் சொல்லாமலே குத்தியிருக்காங்க. ஒரு பட்டணத்துல துன்பப்படுத்தினா மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கன்னு இயேசுவே சொல்லியிருக்காரேன்னு இவரு பக்கமும் வசனம் இருந்துச்சு. ஆக, விழுந்தவங்களை என்ன பண்றதுன்னு தீர்ப்பு சொல்ல வேண்டியவரு, ஓடிப்போன ஆளுன்னு ஏற்கெனவே பேர் வாங்கினவரு. இந்த இக்கட்டை மனசுல வச்சுக்கிட்டு அவரு லெட்டர்களைப் படிக்கணும், அப்பதான் அந்தக் கறாரும் புரியும், அப்புறம் அவரு இளகினதும் புரியும்.

அவரு லெட்டர் கட்டுக்குள்ளயே வேற ஆளுங்க எழுதின லெட்டரும் சிலது மாட்டிக்கிட்டு இருக்கு. அதுல செலரினஸ்னு ஒருத்தரு ரோம்ல இருந்து கார்த்தேஜ் ஜெயிலுக்கு எழுதினதை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். இந்த செலரினஸ் சாதாரண ஆள் இல்ல. 19 நாள் விலங்கு மாட்டி தொழுமரத்துல போட்டு வச்சும் மறுதலிக்காதவரு. பாட்டி செலரினா ரத்தசாட்சி, ரெண்டு பக்கத்து மாமா சித்தப்பாமாரும் ரத்தசாட்சி. அப்படிப்பட்ட குடும்பம். ஆனா லெட்டர் முழுக்க அழுகை. ஏன்னா அவரு சகோதரிங்க விழுந்துட்டாங்க. ஈஸ்டர் சந்தோஷத்துல எல்லாரும் இருக்க, நான் இரட்டுடுத்தி சாம்பல்ல உக்காந்து ராவும் பகலும் அழுதேன்னு எழுதுறாரு.

சகோதரிங்க பேரு நுமேரியா, கேண்டிடா. ஒருத்தங்க பலி செலுத்திட்டாங்க. இன்னொருத்தங்க கேபிட்டல் கோயிலுக்கு மேல ஏறுற வழியில, விதி தேவதைகள் மூணு பேரு இருக்குற இடம் வரைக்கும் போயிருக்காங்க, அங்கயே பணத்தைக் கொடுத்துட்டு இறங்கி வந்துட்டாங்க, அதனால அவ பலி கொடுக்கலன்னு எனக்குத் தெரியும்னு செலரினஸ் வாதாடுறாரு. பாதி வழியில திரும்பி வந்தவ. அந்த வழியில அவங்க நின்ன நேரத்தை யோசிச்சுப் பாருங்க, மேல போனாலும் தப்பு, கீழ வந்தா உயிர் போகும், கையில காசு இருக்கு.

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுங்க செஞ்சதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது. கார்த்தேஜ்ல இருந்து விசுவாசத்துக்காக ஊரை விட்டு விரட்டப்பட்டவங்க கப்பல்ல ரோமுக்கு வந்து இறங்குறாங்க. இவங்க ரெண்டு பேரும் துறைமுகத்துக்கே போய் அவங்களைக் கூட்டிட்டு வந்து வீட்ல வச்சு சோறு போட்டுப் பார்த்துக்கிறாங்க. மொத்தம் 65 பேரு. சபை இவங்களைத் திருவிருந்துல சேர்க்காது, புது பிஷப் வர்ற வரைக்கும் இப்படியே வெளிய நில்லுங்கன்னு மூப்பருங்க சொல்லிட்டாங்க. வெளிய நின்னுக்கிட்டே, விழாதவங்களுக்கு இவங்க சமைச்சுப் போடுறாங்க. தங்களால முடியாததைச் செஞ்சு காட்டினவங்க முகத்தைத் தினமும் பார்த்துக்கிட்டே.

செலரினஸ் எதுக்கு ஜெயிலுக்கு எழுதணும்? அந்தக் காலத்துல ஒரு பழக்கம். சித்திரவதை பட்டு மறுதலிக்காம ஜெயில்ல இருக்குறவங்க விழுந்தவங்களுக்காகப் பரிந்து பேசி ஒரு சமாதானச் சீட்டு கொடுக்கலாம், சபை அதுக்கு மதிப்பு கொடுக்கும். கார்த்தேஜ் ஜெயில்ல லூசியன்னு ஒருத்தர் இந்த வேலையைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. பசியாலயும் தாகத்தாலயும் சாகடிக்கணும்னு உத்தரவு, ரெண்டே அறையில எல்லாரையும் அடைச்சு வச்சிருக்காங்க, உள்ள உஷ்ணம் தாங்கல, பட்டினியில செத்தவங்க பேரையெல்லாம் அவரு வரிசையா பதில் லெட்டர்ல எழுதியிருக்காரு. அதுல பவுலுஸ்னு ஒரு ரத்தசாட்சி சாகுறதுக்கு முன்னாடி, என் காலத்துக்கப்புறம் யாரு வந்து சமாதானம் கேட்டாலும் என் பேர்ல கொடுத்துடுன்னு சொல்லிட்டுப் போனாராம். லூசியன் அந்த ரெண்டு சகோதரிங்களுக்கும் கொடுத்தாரு, பிஷப் முன்னாடி விஷயத்தைச் சொல்லி அறிக்கை பண்ணணும்ங்கிற நிபந்தனையோட.

சிப்ரியனுக்கு வந்ததே கோவம். ஒண்ணு ரெண்டு இல்ல, தினமும் ஆயிரக்கணக்குல சீட்டு வருதுங்கிறாரு. அதுலயும் இன்னாரும் அவர் வீட்டாரும்னு மொட்டையா எழுதுன சீட்டு, வீட்டாருன்னா இருபது பேரா முப்பது பேரா, வேலைக்காரனும் உண்டா? யாரு எதுக்கு வருத்தப்பட்டாங்கன்னு எந்த விசாரணையும் இல்ல. பலிபீடத்துக்கிட்ட இருந்து வந்த கை காயுறதுக்குள்ள திருவிருந்துக்கு நீட்டுறான்னு அவருக்கு ஆத்திரம். நான் இதுல முழுசா லூசியன் பக்கம்னு சொல்ல மாட்டேன். பட்டினியில சாகுற மனுஷன் மன்னிக்கிறது பெரிய விஷயம்தான், ஆனா நாளைக்கு அந்தச் சபையை நடத்த வேண்டியவன் கேக்குற கேள்வியும் கேள்விதானே. அதே நேரத்துல சிப்ரியன் கதவை முழுசா சாத்தவும் இல்ல. வெயில் காலம் வந்துடுச்சு, நோய் பரவுற சீசன், நான் இன்னும் வர முடியல, அதனால இந்தச் சீட்டு வச்சிருக்குறவங்க யாராவது சாகக் கிடந்தா எனக்காகக் காத்திருக்க வேணாம், ஒரு மூப்பரு போதும், மூப்பரு கிடைக்கலன்னா டீக்கன்கிட்ட அறிக்கை பண்ணினாக்கூடப் போதும், கை வச்சு சமாதானம் கொடுத்து அனுப்புங்கன்னு எழுதுறாரு.

அலெக்சாந்திரியாவுல இதே மாதிரி ஒரு ஏற்பாட்டுலதான் செரப்பியோன் கதை நடக்குது, டயோனிசியஸ் சொல்றாரு. செரப்பியோன் வயசானவரு, ரொம்ப காலம் நல்லா வாழ்ந்தவரு, கடைசியில பலி கொடுத்துட்டாரு. எத்தனையோ தடவை கெஞ்சியும் யாரும் சேர்த்துக்கல. நோய் முத்தி மூணு நாள் பேச்சு மூச்சில்லாம கிடந்தாரு, நாலாம் நாள் கொஞ்சம் தெளிஞ்சு பேரனைக் கூப்பிட்டு இன்னும் எவ்வளவு நேரம்டா என்னைப் பிடிச்சு வச்சிருப்பீங்க, ஒரு மூப்பரைக் கூட்டிட்டு வான்னு சொல்றாரு. ராத்திரி நேரம். பையன் ஓடுறான். மூப்பருக்கும் உடம்பு சரியில்ல, வர முடியல. அவரு திருவிருந்து அப்பத்துல ஒரு சின்னத் துண்டைப் பையன் கையில கொடுத்து, நனைச்சு தாத்தா வாயில விடுன்னு சொல்லி அனுப்புறாரு. பையன் வாசலுக்கு வர்றதுக்குள்ளயே தாத்தா முழிச்சு, மூப்பரால வர முடியலையா, பரவால்ல, அவரு சொன்னதைச் சீக்கிரம் செஞ்சு என்னை அனுப்பி வைங்கிறாரு. கொடுத்த உடனே உயிர் போயிடுச்சு. சாஸ்திரிங்க, பிஷப்மாரு, சங்கம்னு எத்தனையோ பேரு தலையைப் பிச்சுக்கிட்ட ஒரு கேள்விக்கு அந்த ராத்திரி பதிலைத் தூக்கிட்டுப் போனது ஒரு சின்னப் பையன், பேரு கூட எழுதப்படல.

251 வசந்த காலத்துல சிப்ரியன் ஊருக்குத் திரும்பினாரு, கார்த்தேஜ்ல பிஷப்மாரு சங்கம் கூடுச்சு. சீட்டு மட்டும் வாங்கினவங்களை ஒவ்வொருத்தரா விசாரிச்சுச் சேர்த்துக்கலாம், பலி கொடுத்தவங்க நெடுங்காலம் மனந்திரும்புதல்ல இருக்கணும், சாகக் கிடந்தா மட்டும் சமாதானம்னு முடிவாச்சு. ரோம்ல கொர்னேலியுஸ் பிஷப் ஆனாரு, அவரும் இதையே ஏத்துக்கிட்டாரு. அங்கதான் நொவேஷியன் எழும்புறாரு. நல்ல படிச்சவரு, நல்லா எழுதுறவரு. மறுதலிச்சவனை மன்னிக்க சபைக்கு அதிகாரமே இல்ல, அது தேவன் கையில, சபை சுத்தமா இருக்கணும்னு சொல்லி போட்டி பிஷப்பா நின்னாரு. (கார்த்தேஜ்ல எல்லாரையும் உடனே சேர்த்துக்கணும்னு சொன்ன கோஷ்டியில இருந்த நொவேட்டஸ்ங்கிற மூப்பரு ரோமுக்குப் போய் இந்தக் கறார் கோஷ்டியில சேர்ந்துட்டாரு. சபை அரசியல் இன்னிக்கு நேத்து வந்ததில்ல.)

நொவேஷியனை வில்லனா பார்க்க எனக்கு மனசு வரல. மனுஷர் முன்பாக என்னை மறுதலிக்கிறவனை நானும் மறுதலிப்பேன்னு சொன்னது இயேசு. விழுந்தவங்களை மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாத காரியம்னு எபிரெயர் ஆறாம் அதிகாரத்துல இருக்கு. ஃபேபியன் செத்த ஊரு அது. அப்பன் செத்துப்போன ஒருத்தனுக்குப் பக்கத்துல, தூபம் போட்டுட்டு வந்தவனைக் கொண்டு வந்து உக்கார வச்சா அவனுக்கு எப்படி இருக்கும்? ஆனா அதே சுவிசேஷத்துல பேதுருவும் இருக்காரே. மூணு தடவை மறுதலிச்சவரு, அதுவும் ஒரு வேலைக்காரப் பொண்ணுக்குப் பயந்து. நொவேஷியனோட ரூல் முன்னாடியே இருந்திருந்தா ரோம் சபையே பேதுருவை உள்ள விட்டிருக்காது.

சிப்ரியன் இந்த விஷயத்துல அந்தோனியானுஸ்ங்கிற பிஷப்புக்கு எழுதின லெட்டர் நீளமானது, அதுலதான் அவரு மனசு திறக்குது. எல்லாப் பாவமும் ஒரே எடைன்னு ஸ்டோயிக் தத்துவக்காரங்க சொல்லலாம், நாம சொல்ல முடியாதுங்கிறாரு. கூப்பிட்ட உடனே ஓடினவனும், ரொம்ப நேரம் போராடி வேற வழியில்லாம போனவனும் ஒண்ணா? பெண்டாட்டி பிள்ளைன்னு எல்லாரையும் இழுத்துட்டுப் போனவனும், தான் ஒருத்தன் மட்டும் போய் குடும்பத்தையும் குடியிருக்குறவங்களையும் காப்பாத்தி, ஓடி வந்த சகோதரர்களுக்கும் வீட்டுல இடம் கொடுத்தவனும் ஒண்ணா? சபைக்கு வெளிய இரட்சிப்பு இல்லன்னு பின்னாடி எழுதினதும் இதே ஆளுதான், அதனால வெளிய நிறுத்துறதுன்னா அவருக்கு அது ஏதோ ஒழுங்கு நடவடிக்கை இல்ல, ஒரு ஆளோட நித்தியம். அதான் ஆளை ஆளா பார்க்கணும்னு பிடிவாதமா நின்னாரு.

கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு கேஸ் வருது. நினுஸ், கிளெமெந்தியானுஸ், ஃபுளோருஸ்னு மூணு பேரு. முதல்ல பிடிபட்டு கிறிஸ்துவை அறிக்கை பண்ணி, ஊர் அதிகாரிங்க மிரட்டலையும் கூட்டத்தோட வெறியையும் தாங்கினவங்க. அப்புறம் ப்ரோகான்சல், அதாவது மாகாண ஆளுநர் முன்னாடி கொண்டு போய் விடாம சித்திரவதை பண்ணினதுல உடம்பு தாங்காம விழுந்துட்டாங்க. மூணு வருஷமா அழுதுக்கிட்டு இருக்காங்க, இவங்களைச் சேர்த்துக்கலாமான்னு காப்சா ஊர்ல கூடின பிஷப்மாரு கேக்குறாங்க. சிப்ரியனோட பதில்ல கறாரெல்லாம் போயிடுச்சு. மனசு தோக்கல, உடம்புதான் தோத்துச்சு, மூணு வருஷம் போதும்ங்கிறாரு. அதுக்கப்புறம் அடுத்த உபத்திரவம் வரப்போகுதுன்னு பயம் வந்தப்ப சங்கம் மறுபடியும் கூடி, மனந்திரும்பி நிக்கிற எல்லாருக்குமே இப்பவே சமாதானம்னு தீர்மானிச்சுது. காரணம் ரொம்ப நேரடியானது: கிறிஸ்துவுக்காக ரத்தம் சிந்துன்னு இவங்ககிட்ட சொல்லப் போறோம், கிறிஸ்துவோட ரத்தத்தை இவங்களுக்கு மறுத்துட்டு எந்த முகத்தோட அதைச் சொல்றது?

ஓடிப்போனவருன்னு பேர் வாங்கின சிப்ரியன் 258 செப்டம்பர் 14-ல கார்த்தேஜ்ல எல்லாரும் பார்க்கத் தலையைக் கொடுத்தாரு. தீர்ப்பு வாசிச்சதும் தேவனுக்கு ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு, வெட்டுறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னாராம். 250-லயே செத்திருந்தா இந்த லெட்டர் எதுவும் இருந்திருக்காது, நுமேரியா கேண்டிடா கதையும் நம்ம கைக்கு வந்திருக்காது.

நொவேஷியன் சபை அதோட முடிஞ்சிடல, நூத்தாண்டுக்கணக்கா இருந்துச்சு, ஒழுக்கமான ஜனங்கன்னு நல்ல பேரோடதான் இருந்துச்சு. 325-ல நிசேயா சங்கத்துக்கு அந்தக் கூட்டத்து பிஷப் அக்கேசியுஸையும் கான்ஸ்டன்டைன் கூப்பிட்டிருந்தாரு. விசுவாசப் பிரமாணம் சம்மதமா, சம்மதம். ஈஸ்டர் தேதி சம்மதமா, அதுவும் சம்மதம். அப்புறம் ஏன்யா தனியா நிக்கிறேன்னு ராஜா கேட்டா, அவரு டீசியஸ் காலத்துக் கதையை எடுத்துச் சொல்லி, ஞானஸ்நானத்துக்கு அப்புறம் அப்படிப்பட்ட பாவம் பண்ணினவனைச் சபை சேர்க்கக் கூடாதுன்னாரு. சரி அக்கேசியுஸ், ஒரு ஏணியைப் போட்டு நீ மட்டும் பரலோகத்துக்கு ஏறிக்கோன்னு கான்ஸ்டன்டைன் சொன்னதா சபை வரலாறு எழுதின சாக்ரடீஸ் பதிவு பண்ணியிருக்காரு. நல்ல நக்கல்தான். ஆனா இப்படிப் பேசின ராஜா அன்னிக்கு ஞானஸ்நானமே எடுத்திருக்கல. அதுக்கப்புறம் பாவம் பண்ணிட்டா என்ன ஆகும்னு பயந்து தள்ளிப் போடுறது அந்தக் காலத்துல நிறைய பேருக்கு வழக்கம். யோர்தான் நதியில எடுக்கணும்னு ஆசைப்பட்டேன்னு அவரு சொன்னாரு, கடைசியில 337-ல நிக்கொமீடியா பக்கத்துல சாகக் கிடக்குறப்பதான் எடுத்தாரு.